டி.பி.எஸ் சிகிச்சைக்குப் பிறகு பேச்சு குழறினால் என்ன செய்வது? வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் மின்முனை வைத்துக்கொண்டவர்களின் (இதுதான் டி.பி.எஸ் சிகிச்சை) வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கை நடுக்கம் நின்னுடுச்சு, நடையும் பரவாயில்லை. ஆனா அவர் பேசுறதுதான் யாருக்கும் புரியலை." சொன்ன கையோடு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்: "இவ்வளவு கிடைச்சதே பெரிசு மேடம், பேச்சையும் கேட்டா எப்படி?"

கேட்கத்தான் வேண்டும். பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்யும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. டி.பி.எஸ்-க்குப் பிறகு வரும் பேச்சுச் சிக்கலில் ஒரு பங்கு நோயால் வருவது, ஒரு பங்கு மின்சாரத்தால் வருவது. மின்சாரத்தால் வந்ததைச் செட்டிங் மாற்றிப் பல நேரம் குறைக்க முடியும். ஆனால் அந்தச் செட்டிங் போடும் அறையில் விரலைத் தட்டச் சொல்வார்கள், கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பேச்சை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அதுவும் கணக்கில் வரும். அப்படிச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் கூட வரும் மனைவியோ மகனோ மகளோதான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

டி.பி.எஸ் என்று நாம் சுருக்கிச் சொல்வது ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட், பியர் போலாக் இருவரும் 1987-ல் நடுக்கத்தை அடக்க மூளையின் நடுவே உள்ள தலாமஸ் பகுதியில் தொடர்ந்து மின்தூண்டல் கொடுத்ததிலிருந்து இன்றைய முறை தொடங்குகிறது. 1990-களில் பார்க்கின்சனுக்கான இலக்கு சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறிய பகுதிக்கு மாறியது. எஸ்.டி.என் என்பார்கள். இன்றும் பார்க்கின்சனுக்கு அதிகம் தேர்வாகும் இடம் அதுதான். ஜி.பி.ஐ எனப்படும் குளோபஸ் பாலிடஸ் உட்பகுதி இன்னொரு இலக்கு.

மார்புத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி, அதிலிருந்து கழுத்து வழியாக ஏறும் வயர், மூளைக்குள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய லீட், அதாவது மின்முனைக் கம்பி. லீட் நுனியில் நான்கு அல்லது எட்டுத் தொடர்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றின் உயரமும் சுமார் 1.5 மில்லிமீட்டர். எந்தப் புள்ளியை இயக்குவது, எவ்வளவு மின்னோட்டம், ஒரு துடிப்பு எவ்வளவு நேரம், நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற நான்கையும் வைத்துத்தான் எல்லாமே. 60 மைக்ரோ நொடி, 130 ஹெர்ட்ஸ் என்பது வழக்கமான தொடக்கம். மின்னோட்டத்தை மட்டும் ஆளுக்கு ஆள் மெல்ல ஏற்றிப் பார்ப்பார்கள்.

எஸ்.டி.என் இருப்பது நெருக்கடியான ஓர் இடத்தில். அதன் வெளிப்பக்கத்தை ஒட்டி, முகம், நாக்கு, தொண்டைத் தசைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளைகளைச் சுமந்து இறங்கும் நரம்புக் கற்றை போகிறது. உட்பக்கமும் பின்பக்கமுமாகச் சிறுமூளையிலிருந்து தலாமஸுக்குப் போகும் இழைகள் இருக்கின்றன. ஒரு வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீர் வரப்பு தாண்டிப் பக்கத்து வயலுக்குக் கசிவதுபோல, எஸ்.டி.என்-க்கென்று கொடுக்கும் மின்சாரம் சில மில்லிமீட்டர் தள்ளிப் பரவினாலே இந்த இழைகளையும் தொட்டுவிடும். வெளிப்பக்கம் கசிந்தால் வாய் இறுகும். உட்பக்கம் கசிந்தால் பேச்சு தள்ளாடும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இதற்கு மேல் நோயும் இருக்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் குரலிலோ பேச்சிலோ மாற்றம் காண்கிறார்கள். கை கால் இறுக்கத்துக்குக் கேட்கும் லெவோடோபா மாத்திரை பேச்சுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை; டி.பி.எஸ்-ம் அப்படித்தான். எனவே, "ஆபரேஷன் பண்ணினால் பேச்சு சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சுக்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை இது இல்லை.

எவ்வளவு மாறும்? 2011-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், எஸ்.டி.என் சிகிச்சை பெற்ற 32 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பேச்சு மற்றவருக்குப் புரியும் அளவு, மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் சராசரியாக 14 சதவீதமும், வேலை செய்யும் நேரத்தில் 17 சதவீதமும் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்த 12 பேருக்கு அது 4 சதவீதம் அளவில்தான். சராசரி அப்படி இருந்தாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். நோய் வந்து நாளானவர்கள், அறுவைக்கு முன்பே பேச்சு மங்கியிருந்தவர்கள், இடது மூளையில் இயக்கும் புள்ளி உட்பக்கமாக அமைந்தவர்கள் ஆகியோருக்கு இறக்கம் கூடுதலாக இருந்தது. "பேச்சு இப்பவே மோசமா இருக்கே, ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன ஆகும்?" என்று முன்கூட்டியே கேட்க இது போதுமான காரணம்.

படி 1: அறுவைக்கு முன்பே குரலைப் பதிவு செய்து வையுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஆறு மாதம் கழித்து, "முன்னாடி இப்படி இல்லை" என்று சொல்லும்போது டாக்டர் கையில் கேட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. வீட்டில் உள்ளவர்களுக்கும் பழைய குரல் மறந்துபோயிருக்கும். தினமும் கேட்கும் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும்.

சாதாரணக் கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், டிவியை அணையுங்கள். வாயிலிருந்து கைபேசி ஒரு அடி தூரத்தில், மேஜைமேல். ஒவ்வொரு முறையும் அதே கைபேசி, அதே தூரம், மாத்திரை போட்டு அதே அளவு நேரம் கழித்து. இந்த மூன்றும் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

பதிவு செய்ய வேண்டியவை:

- மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று முடிந்தவரை நீட்டுவது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்குச் சுமார் 15 நொடியோ அதற்கு மேலோ வரும், வயதானால் குறையும். எத்தனை நொடி என்பதோடு, குரல் நடுங்குகிறதா, காற்றாகப் போகிறதா என்பதையும் கேளுங்கள்.
- 'ப-ட-க, ப-ட-க' என்று வேகமாகவும் தெளிவாகவும் பத்து நொடி.
- படம், பட்டம், பாடம், பாட்டு. பல், பள்ளம், பழம். மனம், மணம், மன்னன், மண்.
- செய்தித்தாளில் ஒரு பத்தி, உரக்க.
- இரண்டு நிமிடம் சொந்தப் பேச்சு. "நேற்று என்ன சாப்பிட்டீங்க, யார் வந்தாங்க" என்று ஏதாவது.

மூன்றாவதைச் சும்மா சேர்க்கவில்லை. தமிழில் குறில் நெடிலும், ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளையே மாற்றிவிடுகின்றன. பேச்சு வேகமெடுத்தால் முதலில் கரைவது இந்த நீளம்தான். பாடமும் பட்டமும் படமும் ஒன்றுபோல ஒலிக்க ஆரம்பிக்கும். நாக்கு நுனி மடங்க வேண்டிய ட, ண, ள, ழ எல்லாம் நாக்கின் இறுக்கத்தை உடனே காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் உள்ள சொந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள். பார்க்கின்சன் உள்ளவர்கள் கவனம் வைத்துப் பேசும்போது நன்றாகப் பேசுவார்கள். திருக்குறள் சொல்லச் சொன்னால் கணீரென்று வரும். டாக்டர் கேள்வி கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள். வெளியே வந்து, "ஆட்டோ கூப்பிடு" என்று சொல்லும்போது பழைய முணுமுணுப்பு திரும்பியிருக்கும். டாக்டர் கேட்ட பேச்சும் நீங்கள் கேட்கும் பேச்சும் வேறு வேறு. உங்கள் கைபேசியில் இருப்பதுதான் அவருக்கு வீட்டுப் பேச்சைக் கேட்கவைக்கும்.

அறுவைக்கு முன் ஒரு முறை பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்குவதையும் அப்போதே சோதித்துவிடலாம்.

படி 2: முதல் சில வாரம் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்

லீட் உள்ளே போன இடத்தில் சின்ன வீக்கம் இருக்கும். மெஷினை இயக்கும் முன்பே நடுக்கம் குறைந்ததுபோலத் தோன்றுவதும் அதனால்தான். பேச்சும் அந்த நாட்களில் மேலும் கீழுமாக இருக்கும். வீக்கம் வடிந்த பிறகே பெரும்பாலான மையங்களில் முறையான செட்டிங் தொடங்கும். சரியான செட்டிங் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது, மெஷினை இயக்குவதற்கு முந்தைய நாள் ஒரு பதிவு, இயக்கிய வாரம் ஒன்று, பிறகு ஒவ்வொரு செட்டிங் மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒன்று. நோட்டில் தேதியோடு எழுதுங்கள். செட்டிங் எண்களை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்வதில் தயக்கமே வேண்டாம். அவை உங்களுடைய விவரங்கள்.

படி 3: பேச்சு 'சரியில்லை' என்று சொல்லாதீர்கள், எப்படிச் சரியில்லை என்று சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். "பேச்சு சரியில்லை" என்றால் டாக்டருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. கீழே உள்ளவற்றில் எது உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் கலந்தும் இருக்கலாம்.

குரல் சன்னமாகிவிட்டது, ஏற்ற இறக்கம் இல்லை, வாக்கியம் முடிவதற்குள் குரல் தேய்ந்துவிடுகிறது. இது பெரும்பாலும் நோயின் அடையாளம். அறுவைக்குப் பிறகு மாத்திரையை வேகமாகக் குறைத்தாலும் இப்படி ஆகலாம்.

நாக்கு தடித்ததுபோல் இருக்கிறது, குரல் இறுகி நெரிபடுகிறது, பேசும்போது உதட்டோரம் ஒரு பக்கம் இழுக்கிறது, கையிலோ முகத்திலோ இறுக்கம் வருகிறது. மின்சாரம் வெளிப்பக்கம் கசிவதைச் சந்தேகிக்க வேண்டிய படம் இது. மின்னோட்டத்தைக் கூட்டிய அன்றோ மறுநாளோ தொடங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

குடித்தவர் பேசுவதுபோலக் குழறுகிறது, அசைகள் உடைந்து உடைந்து வருகின்றன, நடையிலும் தள்ளாட்டம் தெரிகிறது. சிறுமூளைக்கான இழைகள் தொடப்படுவதன் அடையாளம். பக்கத்து வீட்டுக்காரரோ பஸ்ஸில் கண்டக்டரோ இவரைத் தப்பாக நினைப்பது இந்த வகையில்தான். அந்த அவமானத்துக்குப் பயந்தே வெளியே போவதை நிறுத்திவிடுவார்கள். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் ஒரு பக்கவிளைவுதான்.

பேச்சு ஓடுகிறது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, முதல் எழுத்தில் திக்குகிறது, அல்லது சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "வந்தாங்க வந்தாங்க வந்தாங்க." சின்ன வயதில் திக்கி, பிறகு நின்றுபோனவர்களுக்கு டி.பி.எஸ்-க்குப் பிறகு அது திரும்பி வருவதும் உண்டு. சிறுவயதில் திக்கு இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

வாய் நன்றாகத்தான் இருக்கிறது, சொல்தான் வரவில்லை. நுனி நாக்கில் நிற்கிறது என்கிறார். 'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னால் முன்பைவிடக் குறைவாகச் சொல்கிறார். இது உச்சரிப்புப் பிரச்சினை இல்லை. எஸ்.டி.என் சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி காணப்படும் அறிவுசார் மாற்றம் இந்தச் சொல் ஓட்டக் குறைவு. லீட் போன பாதையே இதற்கு ஒரு காரணமாக இருப்பதால் செட்டிங் மாற்றி இதை முழுதும் திருப்ப முடிவதில்லை. பேச நேரம் கொடுப்பதும், வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல் இருப்பதும்தான் இங்கே உதவும்.

இன்னொன்று. கணவருக்கு 70 என்றால் மனைவிக்கும் வயது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாதி நாள் சண்டை, "நீ முணுமுணுக்கறே", "உனக்குக் காது கேட்கலை" என்று போகும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பேச்சுக்குச் சிகிச்சை தொடங்கும் முன் கேட்பவரின் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

படி 4: நோயா, மின்சாரமா? கண்டுபிடிக்கும் சோதனை

மருத்துவமனையில், டாக்டர் முன்னிலையில் மெஷினைச் சற்று நேரம் நிறுத்திப் பேசவிட்டுப் பார்ப்பது இந்தச் சோதனை. நிறுத்தியதும் பேச்சு தெளிந்தால், செட்டிங்கில் சரிசெய்ய இடம் இருக்கிறது. நிறுத்தியும் அப்படியே இருந்தால் நோயோ, மருந்துக் குறைவோ, அறுவையின் விளைவோ காரணம். சிலருக்குச் சில நிமிடத்தில் வித்தியாசம் தெரியும், சிலருக்கு மணிக்கணக்காகும். ஆகவே பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையே தீர்ப்பாக எடுக்க வேண்டாம் என்று பணிவாகக் கேளுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் இயக்கிப் பார்ப்பது, அடுத்த பக்கம் மட்டும் இயக்கிப் பார்ப்பது. பேச்சைப் பொறுத்தவரை இடது மூளைப் பக்கமே பல நேரம் குற்றவாளியாக இருக்கிறது.

இதை வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். ரிமோட் கையில் இருக்கிறதே என்று அணைத்துப் பார்க்க ஆசை வரும். நீண்ட நாள் டி.பி.எஸ்-ல் இருப்பவருக்குத் திடீரென்று நின்றால் உடல் முழுக்க இறுகி, விழுங்கக்கூட முடியாத ஆபத்தான நிலை வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்குள் மட்டும் ரிமோட்டைத் தொடுங்கள்.

படி 5: செட்டிங் அறையில் எதைக் கேட்பது

அறைக்குள் போனதும் முதல் ஐந்து நிமிடத்திலேயே பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்து எழும்போது, "அப்புறம் டாக்டர், பேச்சு கொஞ்சம்..." என்று இழுத்தால் நேரம் இருக்காது. முந்தைய பதிவையும் இப்போதைய பதிவையும் தலா அரை நிமிடம் போட்டுக் காட்டுங்கள். நான் பார்த்தவரை, பத்து நிமிட விளக்கம் செய்யாததை இந்த ஒரு நிமிடம் செய்துவிடும்.

டாக்டர் கையில் பல வழிகள் உண்டு. மின்னோட்டத்தைச் சிறிது குறைப்பது முதல் வழி, 0.2, 0.3 மில்லியாம்பியர் வித்தியாசமே சிலருக்குப் பேச்சில் தெரியும். வேறு தொடர்புப் புள்ளிக்கு மாற்றலாம். துடிப்பின் அகலத்தை 60-லிருந்து 30-க்குக் கொண்டுவரலாம், கருவி அதற்கு இடம் கொடுத்தால். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலேயே மின்சாரம் ஓடும்படி அமைத்துப் பரவலைச் சுருக்கலாம். புதிய வகை லீட்டில் நடு வளையங்கள் மூன்று மூன்று துண்டாகப் பிரிந்திருக்கும். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் திருப்பி, கற்றையிலிருந்து விலக்க முடியும். உங்களுக்கு வைத்திருப்பது அந்த வகையா என்று கேளுங்கள். சிலருக்கு அந்த வசதி இருந்தும் பயன்படுத்தப்படாமலே இருக்கும்.

அதிர்வெண்ணை 130-லிருந்து 60 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குவது இன்னொரு வழி. சிலருக்குப் பேச்சும் நடையும் தெளிகின்றன. ஆனால் நடுக்கம் திரும்பலாம், கிடைத்த பலன் சில வாரத்தில் தேயவும் செய்யலாம். எனவே இதைப் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், நடுவில் ஒரு முறை பார்க்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது இரண்டு புரோகிராம் என்ற ஏற்பாட்டை. பல கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட செட்டிங்கைச் சேமித்து, ரிமோட்டில் நோயாளியே மாற்றிக்கொள்ளும்படி செய்யலாம். ஒன்று கை கால் வேலைக்கு, மற்றொன்று மின்னோட்டம் கொஞ்சம் குறைவாக, பேச்சுக்கு. பேரனோடு வீடியோ கால் பேசும் அரை மணி நேரம் கை லேசாக ஆடினால் பரவாயில்லை, பேசுவது புரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கடையில் நின்று வியாபாரம் பார்க்கிறவருக்கும், பாடம் நடத்துகிறவருக்கும் இது வேலையைக் காப்பாற்றும் விஷயம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் ஒரே செட்டிங்கில் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

செட்டிங் மாற்றிய உடனே கிளம்பிவிடாதீர்கள். வராந்தாவில் அரை மணி உட்கார்ந்து காபி குடித்து, பேசிப் பாருங்கள். பேச்சில் வரும் மாற்றம் சில நேரம் தாமதமாகத்தான் தெரியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் முடிந்தால் அன்றிரவு தங்கி மறுநாள் காலை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

படி 6: மாத்திரை, வாய், விழுங்குதல்

எஸ்.டி.என் சிகிச்சைக்குப் பிறகு லெவோடோபா அளவைக் கணிசமாகக் குறைப்பது வழக்கம். குறைப்பு வேகமாக நடந்தால் குரல் தணிவதோடு ஆர்வமும் மங்கும், பேசவே தோன்றாது. "அப்பா பேசாமலே இருக்கார்" என்பது நாக்கின் பிரச்சினையா, மனத்தின் பிரச்சினையா என்று பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வாயை வறளவைக்கும். பல்செட் ஆடினாலும் சொல் குழறும்.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கொரகொரவென்று வருகிறதா என்று கவனியுங்கள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பெரும்பாலும் அதே தசைகள்தான். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது பார்க்கின்சனில் உயிருக்கே ஆபத்து. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 7: பேச்சுப் பயிற்சி

செட்டிங்கைச் சரிசெய்த பிறகு பயிற்சி. வரிசையை மாற்ற வேண்டாம்; மின்சாரம் நாக்கை இறுக்கிக்கொண்டிருக்கும்போது பயிற்சியால் அதை எதிர்த்துச் சண்டை போடுவது வீண் களைப்பு.

பார்க்கின்சனுக்கு நன்றாக ஆராயப்பட்ட முறை லீ சில்வர்மன் குரல் பயிற்சி. எல்.எஸ்.வி.டி என்பார்கள். வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒரு மணி நேரம் வீதம் மொத்தம் 16 அமர்வு. அதோடு வீட்டுப் பயிற்சி. அதன் சாரம் ஒரே விஷயம்: உரக்கப் பேசு. பார்க்கின்சன் உள்ளவருக்குத் தான் பேசுவது போதுமான சத்தம் என்றே தோன்றும். நாம் கேட்பது முணுமுணுப்பு. அவர் தனக்குக் கத்துவதுபோல் தோன்றும் அளவுக்குப் பேசினால்தான் நமக்குச் சாதாரணமாகக் கேட்கும். இந்த அளவீட்டை மீண்டும் பழக்குவதுதான் பயிற்சி.

குரல் சன்னமாவதுதான் முக்கியப் பிரச்சினை என்றால் இது நல்ல தேர்வு. டி.பி.எஸ் செய்தவர்களுக்கும் பலன் கிடைக்கிறது. ஆனால் செய்யாதவர்களுக்குப்போல அது நிலைப்பதில்லை, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். குரல் இறுகி நெரிபடுபவருக்கு, "இன்னும் சத்தமா" என்று விரட்டுவது இறுக்கத்தைக் கூட்டிவிடலாம். அவருக்கு வேகத்தைக் குறைக்கும் பயிற்சியே ஏற்றது. மேஜையில் ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு, மூச்சுக்கு மூன்று நான்கு சொல், பிறகு நிறுத்தம். நெடிலை நன்றாக நீட்டி, இரட்டை மெய்யில் ஒரு கணம் நின்று பேசச் சொல்லுங்கள்: பா...டம், பட்...டம். தமிழுக்கு இது தனியாகப் பலன் தரும்.

பேச்சு மிகவும் புரியாத நிலையில் ஓர் அட்டை செய்துகொள்ளலாம். 247 எழுத்தும் வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தைத் தொட்டுவிட்டுச் சொல்லைச் சொல்ல வேண்டும். 'கு' என்றாலும் 'கை' என்றாலும் 'க்'கைத் தொட்டால் போதும். தொடும் நேரத்தில் வேகம் தானாகக் குறைகிறது, கேட்பவருக்கும் என்ன சொல் வரப்போகிறது என்று பாதி தெரிந்துவிடுகிறது. இந்த எளிய அட்டை விலை உயர்ந்த செயலியைவிட நன்றாக வேலை செய்து பார்த்திருக்கிறேன். குரல் மட்டும் போதவில்லை என்றால், ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் உதவும். தொடங்கும் முன் டி.பி.எஸ் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காந்தம் உள்ள ஸ்பீக்கரை மார்பில் பேட்டரிக்கு நெருக்கமாக வைக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. தோள்வலி, கழுத்துவலி என்று பிசியோதெரபிக்குப் போனால் டி.பி.எஸ் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். உடலுக்குள் சூடு செலுத்தும் ஷார்ட்வேவ் போன்ற டயாதெர்மி சிகிச்சை இவர்களுக்கு அறவே கூடாது. லீட் சூடாகி மூளையைக் காயப்படுத்தும். விழுங்கும் சிரமத்துக்கென்று தொண்டையில் மின்தூண்டல் கொடுக்க யாராவது முன்வந்தாலும் டி.பி.எஸ் குழுவைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேறு இயக்கக் கோளாறுகளுக்கு டி.பி.எஸ் செய்திருந்தால்

பரம்பரையாக வரும் கை நடுக்கத்துக்குத் தலாமஸில் வைத்தவர்களுக்கு, இரண்டு பக்கமும் இயக்கும்போது குழறல் வரும் வாய்ப்பு ஒரு பக்கத்தைவிட அதிகம். எழுதும், சாப்பிடும் கை எதுவோ அதற்கான பக்கம் மட்டும் போதுமா என்று அறுவைக்கு முன்பே பேசிக்கொள்ளலாம். இவர்களில் பலருக்கு இரவில் தூங்கும்போது மெஷினை அணைத்துவைக்க டாக்டரே அனுமதிப்பார்.

தசைகள் தானாக இறுகி முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்கு ஜி.பி.ஐ-யில் வைத்தவர்களுக்கும் குழறல் வரலாம். ஆனால் செட்டிங் மாற்றத்தின் பலன் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும் என்பதால் பொறுமை கூடுதலாக வேண்டும். திடீரென்று அணைப்பது இங்கேயும் ஆபத்து.

படி 8: எதுவும் சரிவரவில்லை என்றால்

முதலில் கருவியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி தீரும் நிலையா, வயரில் எங்காவது உடைப்போ கசிவோ இருக்கிறதா என்பதை மின்தடை அளவு பார்த்துச் சொல்லிவிடலாம். பிறகு சி.டி ஸ்கேன் எடுத்து, அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ படத்தோடு பொருத்தி, லீட் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். இடம் தவறியிருந்தால் லீட்டை மாற்றி வைப்பதும் ஒரு வழி. அது இன்னொரு மூளை அறுவை என்பதால் இலகுவாக எடுக்கும் முடிவு இல்லை. பெரிய மையத்தில் இரண்டாவது கருத்து கேட்பது நியாயமானது. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இயக்கக் கோளாறுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பழைய செட்டிங் எண்கள், பதிவுகள், ஸ்கேன் சி.டி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் நடுக்கம், பேச்சு இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். எதை விடுவது என்பதை அவரிடமே கேளுங்கள். கை நடுங்காமல் சோறு பிசைந்து சாப்பிடுவது ஒருவருக்கு முக்கியம்; இன்னொருவருக்குத் தொலைபேசியில் தங்கையோடு பேசுவது. வீட்டாரும் டாக்டரும் சேர்ந்து அவருக்காக முடிவெடுத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேச்சு புரியவில்லை என்பதற்காக அவர் கருத்தைக் கேட்காமல் விடுவது சரியில்லை. அட்டையைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பேச்சு மெல்ல மாறுவது ஒன்று, ஒரே நாளில் மாறுவது வேறு. திடீரென்று பேச்சு நின்றாலோ குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ, வாய் கோணினாலோ, கடும் தலைவலி, குழப்பம், வலிப்பு இவற்றில் ஏதாவது வந்தாலோ செட்டிங் நாளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பக்கவாதமாகவோ ரத்தக்கசிவாகவோ இருக்கலாம். 108-ஐ அழைக்கும்போதே மூளையில் டி.பி.எஸ் கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு மார்பிலோ தலையிலோ தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். நடுக்கம், இறுக்கம், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் மோசமானால் மெஷின் நின்றுபோயிருக்கலாம். ரிமோட்டை வைத்து ஓடுகிறதா என்று பார்த்து, ஓடவில்லை என்றால் உடனே டி.பி.எஸ் குழுவுக்குப் போன் செய்யுங்கள். கருவியின் அடையாள அட்டை, ரிமோட், மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.